போகலாமா, திரும்பலாமா: ஒரு மலை வழிகாட்டியின் ஞாயிற்றுக்கிழமைகள்

மலை வழிகாட்டி என்றால் ஆட்களை மலையேற்றுகிறவர் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எங்கள் வேலையில் பாதி, ஏறியே தீருவேன் என்று வந்தவர்களிடம் நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்புவதுதான். முட்டி வலிக்க வலிக்க ஏறிப் போய், பாதியில் வழிகாட்டி "இன்னிக்கு இது போதும்" என்றதும் மனசுக்குள் அவரைத் திட்டிய அன்பர்களே, அந்த வழிகாட்டி நான்தான். என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

நான் பிறந்தது கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அங்கே மேடு என்றால் கால்வாய்க் கரை மட்டும்தான். கல்யாணமாகி புக்கிட் செந்தோசாவுக்கு வந்த பிறகு, தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர்கள் இழுத்துப் போய் மலையைக் காட்டினார்கள். பிடித்துப்போனது. பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதி, வழிகாட்டி அட்டை வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. கூட்டத்தின் முன்னால் நான் நடப்பேன். கடைசி ஆளாகச் செல்வம் அண்ணன் வருவார். வார நாளில் அவர் லோரி ஓட்டுகிறார்.

எங்கள் மலையின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அடுத்த ஞாயிறு கார் நிறுத்த இடம் கிடைக்காது. ஒரு மணி நேரம் காட்டுக்குள் ஏறினால் ஒரு தட்டைப் பாறை வரும். அதற்கு அப்புறம் மரமே கிடையாது. மலையின் முதுகெலும்பு மாதிரி வெறும் கல் (முதுகுப் பாறை என்போம்), இரண்டு பக்கமும் பள்ளம், சில இடங்களில் ஒரு சாப்பாட்டு மேசை அகலம்தான் நடக்கக் கிடைக்கும். கடந்து போக நாற்பது நிமிஷம். தட்டைப் பாறையில் நின்று வானத்தையும், காற்றையும், வந்தவர்களின் முகத்தையும் பார்த்துப் போகலாமா வேண்டாமா என்று நான் சொல்ல வேண்டும்.

புதுச் சப்பாத்து

ரவாங்கில் ஒரு தொழிற்சாலையிலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். சூப்பர்வைசர் குமரேசன் தலையிலிருந்து கால்வரை மலையேற்ற உடுப்பில் இருந்தார். காலில் சப்பாத்து புத்தம் புதுசு; வாங்கி நாலு வருஷமாகப் பெட்டியை விட்டே எடுக்கவில்லையாம். கேன்டீனில் சமைக்கும் லெட்சுமி அக்காவோ, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்தோடு வந்திருந்தார். "அக்கா, இது மார்க்கெட் இல்ல லா, வழுக்கும்" என்று வழியெல்லாம் குமரேசன் அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தார்.

தட்டைப் பாறைக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது குமரேசனின் வலது சப்பாத்து முதலை மாதிரி வாயைப் பிளந்தது. நாலடி வைப்பதற்குள் இடதும் பிளந்தது. பெட்டிக்குள் கிடந்தே பசை இற்றுப் போயிருந்தது. செல்வம் அண்ணன் டேப்பைச் சுற்றிக் கட்டிவிட்டார். காட்டுப் பாதைக்கு அது தாங்கும், கல்லுக்குத் தாங்காது. "சார், நீங்க இங்கேயே இருங்க" என்றேன். அவருக்கு முகம் தொங்கிவிட்டது. கடைசியில் வெட்கத்தை விட்டு, "அக்கா, உங்க சப்பாத்த கொஞ்சம் குடுங்களேன், ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துர்றேன்" என்றார். லெட்சுமி அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"தர்றதுக்கு என்னா சார், ஆனா இது அஞ்சாம் நம்பரு லா, மொதல்ல உங்க கால மாத்திட்டு வாங்க."

பாறையைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை

தினேஷ் என்ற பையன் முன்கூட்டியே போன் பண்ணினான். தன் தோழி யாழினியோடு வருகிறானாம். முதுகுப் பாறையின் நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினால் மோதிரம் கொடுத்துக் கல்யாணத்துக்குக் கேட்டுவிடுவானாம். "அவளுக்கு உயரம்னா பயம்க்கா, அவள மட்டும் பத்திரமா பாத்துக்குங்க" என்றான். நானும் அன்றைக்குக் காட்டில் ஏறும்போதெல்லாம் யாழினியின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

பாறை ஒடுங்கும் இடத்தில் அவன் ஒரே ஒரு தடவை கீழே பார்த்தான். உட்கார்ந்தான். பிறகு கையை ஊன்றினான். பிறகு குப்புறப் படுத்துப் பாறையை இறுக்கிக் கட்டிக்கொண்டான். "என் சப்பாத்த மட்டும் பாரு தம்பி" என்று நான் சொன்னது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. யாழினிதான் பின்னாலிருந்து மெதுவாக நகர்ந்து வந்து, மோட்டார் சைக்கிளில் உட்காருகிற மாதிரி பாறையில் கால் போட்டு உட்கார்ந்து, அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "பையில... வலது பக்கம்... ஜிப்பு..." என்றான் கண்ணைத் திறக்காமல். மாத்திரை ஏதோ இருக்கிறது என்று நினைத்து அவசரமாகத் திறந்தாள். மோதிரப் பெட்டி. கன்னம் கல்லில் ஒட்டியிருக்க, "என்னக் கட்டிக்கிறியா?" என்று கேட்டான்.

"கட்டிக்கிறேன் லா. மொதல்ல அந்தப் பாறைய விடுங்க."

பெய்யாத மழை

தர்ஷினி என்ற பல்கலைக்கழக மாணவி நாலு தோழிகளோடு வந்தாள். தட்டைப் பாறையை அடைந்தபோது கடல் பக்கமிருந்து மேகம் கறுத்து ஏறிக்கொண்டிருந்தது. காற்றும் ஈரமாக வந்தது. "அக்கா, ஆப்புல ஃபுல் சன்னின்னு போட்டிருக்கு" என்று போனை நீட்டினாள். நான் மேகத்தைக் காட்டினேன். ஐந்து பேரும் கெஞ்சினார்கள். நான் அசையவில்லை, எல்லாரையும் கீழே இறக்கிவிட்டேன்.

அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது மேகம் எங்கே போனது என்றே தெரியவில்லை. வெயில் சுட்டெரித்தது. மேலே முதுகுப் பாறை கழுவி வைத்த மாதிரி பளபளவென்று தெரிந்தது. பிள்ளைகள் ஐஸ் மைலோ குடித்துக்கொண்டே அந்தப் பாறையை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு நேராகவே திட்டியிருக்கலாம். மறுநாள் என் இணையப் பக்கத்தில் தர்ஷினி ஒரு மதிப்புரை போட்டிருந்தாள். இருநூறு பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள்.

"ரொம்ப ஜாக்கிரதையான கைடு. எங்க அம்மாகூட போயிட்டு வந்த மாதிரியே இருந்துச்சு."

அடுத்த ஞாயிறு

அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. அடுத்த வாரம் ஆறு பேர் வந்தார்கள். ரவாங்கில் முடிவெட்டும் கடை வைத்திருக்கும் சுப்ராவும் அவர் மனைவி மல்லிகாவும் அதில் இருந்தார்கள். தட்டைப் பாறையில் நின்றால் அதே பக்கம், அதே கறுப்பு மேகம். "ராணி, கறுக்குது பாரு" என்றார் செல்வம் அண்ணன். "போன வாரமும் இப்படித்தான் கறுத்துச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பாதி தூரத்தில் காற்று திரும்பியது. காற்றில் ஏறிய மின்சாரத்தில் தலைமுடி குத்திட்டு நின்றது. அடுத்த நிமிஷம் இடி. முன்னால் போனாலும் இருபது நிமிஷம், பின்னால் போனாலும் இருபது நிமிஷம். பக்கவாட்டில் புதர் மண்டிய ஒரு சரிவு இருந்தது. கயிறு கட்டி ஒவ்வொருவராக இறக்கினோம். மின்னலை இழுக்கும் உலோகக் கைத்தடிகளைத் தூர எறியச் சொன்னேன். தள்ளித் தள்ளி, அவரவர் பையின்மேல் குந்த வைத்தேன். மழை கல்லெறிகிற மாதிரி அடித்தது. மல்லிகா மின்னலுக்கும் இடிக்கும் நடுவே சத்தமாக எண்ண ஆரம்பித்தார். ஏழு. ஐந்து. மூன்று. ஒருமுறை "ஒண்ணு" என்று சொல்வதற்குள் இடித்தது. அந்தச் சத்தத்தில் எனக்கு என் பிள்ளைகள் முகம்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து நாலு, எட்டு, பன்னிரண்டு என்று எண்ணிக்கை ஏற ஏற, மல்லிகாவின் குரலும் ஏறியது. பதினைந்தில் எல்லாரும் சேர்ந்து எண்ணினோம்.

ஆறு பேரும் பத்திரமாக இறங்கினார்கள். அடிவாரத்தில் அவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். வானத்தைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவை மதிப்புரையைப் பார்த்து எடுத்தேன் என்று மறைக்காமல் சொன்னேன். சுப்ரா, "உயிரோட இறக்கிட்டீங்கல்ல, விடுங்க" என்றார். செல்வம் அண்ணன் பிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றி என் கையில் திணித்தார்.

"திரும்பச் சொன்னா திட்டத்தான் செய்வாங்க ராணி. திட்டுறதுக்கு ஆளு இருக்கணும்ல?"

சபாக் டீச்சர்

பரமேஸ்வரி டீச்சர் சபாக்கிலிருந்து விடியற்காலையில் கார் ஓட்டிக்கொண்டு தனியாக வருவார். வயது ஐம்பதுக்கு மேல். காட்டுப் பாதையில் இளசுகளை முந்திக்கொண்டு ஏறுவார். தட்டைப் பாறை வந்ததும் முதுகுப் பாறையை நன்றாகப் பார்ப்பார். "இன்னிக்கு வேணாம்மா" என்று சொல்லி உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரிப்பார். நாங்கள் போய்த் திரும்பும்வரை அங்கேயே ஆனந்தமாக இருப்பார். மூன்று தடவை இதே கதை.

நாலாவது தடவை வந்தபோது வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை, காற்றும் இல்லை, பாறை காய்ந்து கிடந்தது. அன்றைக்குப் போய் உட்கார விடக்கூடாது என்று, "டீச்சர், இதைவிட நல்ல நாள் வராது. நான் கையப் பிடிச்சிக்கிறேன், வாங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இலையைப் பிரித்தார். பயமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

"பள்ளிக்கூடத்துல தலைமையாசிரியர் முடிவு பண்றாரு, வீட்டுல எங்க வீட்டுக்காரரு முடிவு பண்றாரு. போறதா வேணாமான்னு என்னையக் கேக்குற ஒரே இடம் இதுதாம்மா, அத ஏன் ஒரே நாள்ல முடிச்சுக்கணும்?"

இத்தனை பேருக்கும் பாறைமேல் நின்று ஒரு நொடியில் முடிவு சொல்கிற நான், வீட்டுக்கு வந்தால் தோசையா சப்பாத்தியா என்று தெரியாமல் அடுப்படியில் அரை மணி நேரம் நிற்கிறேன்.