கோதண்டபாணி வீட்டு லினக்ஸ்

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் பார்த்தவர்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், கோதண்டபாணி லேசுப்பட்ட ஆளில்லை என்பார்கள். அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவர். மூட்டை தூக்க வந்து, சொந்தமாக மண்டி வைத்து, மாடி வீடு கட்டி, ஒரே மகள் தேவயானியை இன்ஜினியராக்கி மெல்போர்னுக்கு அனுப்பிய மனுஷன். எவன் தயவும் கிடையாது. மார்க்கெட் கமிட்டி ஏலத்தில் நூறு மூட்டை இருந்தாலும் ஒவ்வொன்றிலும் ஒரு பிடி அள்ளி உடைத்துப் பார்க்காமல் விலை பேசமாட்டார். ஏமாந்ததே இல்லை.

மனைவி போனபிறகு அந்த மாடி வீட்டில் அவரும் ஒரு கம்ப்யூட்டரும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் ஸ்கைப் வழியாகத் தேவயானியும் பேத்தியும் வருவார்கள். பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள்.

இரண்டாயிரத்துப் பத்தில் வைரஸ் ஏறி அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பார்த்திபன் வந்து, விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டான். கேமரா வேலை செய்தது. தேவயானி முகம் பளிச்சென்று தெரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். கிளம்பும்போது ஒரு கட்டு சிடியை மேஜைமேல் வைத்தான்.

“லினக்ஸ்ல நெறைய வகை இருக்குதுங்கய்யா. எல்லாம் ஃப்ரீ. ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க.”

“எதுடா நல்லது?”

“அது அவங்கவங்க இஷ்டங்கய்யா. போடத் தெரியுமில்ல?”

“எனக்கா தெரியாது? நீ கெளம்பு.”

அத்தனை மூட்டையும் அவிழ்ந்து கிடக்கும்போது ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ஓய்கிற ஆளா அவர்? மறுநாளே ஆரம்பித்தார். ஒன்றில் பட்டன்கள் கீழே இருந்தன, அடுத்ததில் மேலே. ஒன்று நீலம், ஒன்று பச்சை. இதைவிட அது மேலோ என்று அடுத்த சிடியை எடுத்தார். மல்லாட்டையில் ஒரு பிடி அள்ளினால் மூட்டை அப்படியே இருக்கும். இங்கேயோ ஒவ்வொரு சிடியும் முன்னால் இருந்ததைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தது. சனிக்கிழமை பார்த்தால் கேமராவில் விளக்கு எரியவில்லை, ஸ்கைப்பையும் காணோம். பார்த்திபன் முதலில் போட்டது எந்த சிடி? எல்லாமே ஒரே மாதிரி வெள்ளைத் தட்டு. அவனைக் கேட்க வாய் வரவில்லை.

ஞாயிறு காலை செல்போன் அடித்தது.

“அப்பா! கம்ப்யூட்டர் முன்னாடி வாங்க. பாப்பா நடக்கறா!”

“கரண்ட் இல்லம்மா” என்றார். தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

“அய்யோ, இப்ப பாத்தாதான் உண்டுப்பா... விழுந்துட்டா... தோ, எந்திரிச்சிட்டா!”

“சொல்லும்மா, எப்பிடி நடக்கறா?”

“ரெண்டு கையும் மேல தூக்கிக்கினு, குடிகாரன் மாதிரி.” தேவயானி சிரித்தாள். அவரும் சிரித்தார். கண்ணெதிரே திரையில் ‘எது வேண்டும்’ என்று ஒரு பட்டியல் நின்றது.

போனை வைத்ததும் பார்த்திபனைக் கூப்பிட்டார்.

“டேய், உன் லினக்ஸால பெரிய பேஜாருடா. ஜல்தியா வா.”

“புதுசா இன்னும் ரெண்டு வந்திருக்குதுங்கய்யா. எது போடட்டும்?”

“என்னைக் கேக்காத. ஒண்ணே ஒண்ணு போட்டுட்டு, மத்ததெல்லாம் எடுத்துக்கினு போயிடு.”

“இன்னிக்கி கடை லீவுங்க. நாளைக்கி வர்றேன்.”

நாளைக்கு வந்து என்ன பிரயோஜனம்? அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பேத்தி விழாமல் நடக்கப் பழகிவிடுவாள்.