ஸ்ட்ரெச்சரில் படுத்துச் சுட்ட பீரங்கிக்காரர்

எல்லாருக்கும் அவர் லிஃப்டுதான். வேலை லிஃப்டு ரிப்பேர், வயது நாற்பத்திரண்டு. இந்த மனுஷனைப் பற்றி முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: கம்ப்யூட்டரில் ஆடுகிற துப்பாக்கி விளையாட்டில் இவருக்குக் குறி சுத்தமாக வராது. எதிரே இருக்கிற சுவரைச் சுடச் சொன்னால் பக்கத்து ஜன்னல் உடையும். ஆனால் குறுக்குப் புத்தி என்று ஒன்று இருக்கிறதே, அதை மட்டும் ஆண்டவன் மூட்டை மூட்டையாகக் கொடுத்திருந்தான்.

விளையாட்டு ஞாயிறு மதியம், ஒரு கம்ப்யூட்டர் சென்டரின் மாடியில். வெவ்வேறு வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து நடத்துகிற போட்டி அது. அணிக்கு ஆறு பேர், ஆளுக்கு ஒரு வேஷம். வேவுக்காரர் ஓடுவார், பீரங்கிக்காரர் நொறுக்குவார், டாக்டர் காயத்தை ஆற்றுவார். எதிரியின் கோட்டையைப் பிடித்தால் அந்தச் சுற்று நமக்கு. ஆறு பேரும் பீரங்கியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் அப்புறம் விளையாட்டு எங்கே இருக்கும்? அதனால் அணிக்கு ஒரே பீரங்கி, ஒரே டாக்டர். இன்னின்ன ஆயுதம் கூடாது என்று சுவரில் ஒரு பட்டியலும் ஒட்டியிருக்கும்.

பட்டியலில் பதினாலு வரி. அதில் ஒன்பது நம்மாளுடைய கைங்கரியம். வேவுக்காரரின் கயிற்றை எதிராளி காலில் மாட்டி, ஆட்டம் முடிகிற வரைக்கும் அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு திரிந்தார். தடை வந்தது. ஒரே வாசலில் புகைக்குண்டாகப் போட்டு, இரண்டு அணியும் ஒன்றையொன்று தேடிக் களைத்துப்போகிற மாதிரி செய்தார். அதற்கும் தடை. அநேகமாக ஒவ்வொரு வருஷமும் இதே கூத்துதான். அரையிறுதிக்குள் தந்திரம் பறிபோகும், அணி மண்ணைக் கவ்வும். பதினோரு வருஷத்தில் ஒரு கப் கூடக் கிடைக்கவில்லை. வீட்டு டிவி மேல் அதற்கென்று இடம் ஒழித்து வைத்திருந்தார், பாவம்.

இந்த வருஷம் கமிட்டிக்காரர்கள் யோசித்தார்கள். ஓட்டை கண்டுபிடிக்கிற ஆளையே காவலுக்குப் போட்டால் என்ன? லிஃப்டை விதித் தலைவர் ஆக்கிவிட்டார்கள். பதவி வந்ததும் மனுஷனுக்கு நியாய உணர்ச்சி பொத்துக்கொண்டு வந்தது. முதல் கூட்டத்திலேயே புது விதி எழுதினார். ஆட்டத்தின் நடுவே புதுத் தந்திரம் ஏதாவது முளைத்தால் விதித் தலைவர் அங்கேயே தடை போடலாம். ஆனால் அது அவருக்கு முன்பே தெரிந்திருந்தால் போடக் கூடாது. தெரிந்த அன்றே கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும். எல்லாரும் கை தட்டினார்கள், அவருக்குக் கண் கலங்கியது.

இறுதி ஆட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் வந்தது வினை.

விளையாட்டில் டாக்டரிடம் சக்கரம் வைத்த ஸ்ட்ரெச்சர் ஒன்று உண்டு. அடிபட்டவரை அதில் படுக்க வைத்துவிட்டால் எதிரியின் குண்டு அவர் மேலும் படாது, தள்ளுகிற டாக்டர் மேலும் படாது. விளையாட்டைச் செய்தவர்களுக்கு நல்ல மனசு. ஆனால் படுத்திருப்பவர் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கத்தான் மறந்துவிட்டார்கள். பீரங்கிக்காரர் ஒரு பெட்டி மேலிருந்து குதித்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் போதும். ஏறிப் படுத்துக்கொண்டு, டாக்டர் தள்ளத் தள்ள, சாவகாசமாகச் சுட்டுக்கொண்டே கோட்டைக்குள் போய்விடலாம். ஸ்ட்ரெச்சர் ஆயுதமே இல்லை என்பதால் பட்டியலிலும் கிடையாது.

இதைக் கண்டுபிடித்த அன்றே கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும். லிஃப்டு வாயே திறக்கவில்லை. தன் அணியிலேயே விளையாடுகிற மச்சினனிடம் கூட மூச்சு விடவில்லை, அவன் வாயில் ஒன்றும் தங்காது. இறுதி ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் எடுத்து விடுவோம், கப்பைத் தூக்குவோம், அப்புறம் தடை போட்டுக்கொள்வோம் என்று கணக்குப் போட்டார். தினமும் சாயங்காலம் வீட்டு ஹாலில் தனியாக உட்கார்ந்து பழகினார்.

தனியாக என்று அவர் நினைத்துக்கொண்டார். பின்னால் சோபாவில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், ஆஸ்பத்திரி அணிக்கு டாக்டர் வேஷமும் அவர்தான். யாருங்க அது, படுத்துக்கிட்டே சுடுறது என்று ஒரு நாள் கேட்டார். சும்மா என்றார் இவர். மனைவி “ம்” என்றார். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் ஆன ஒருவர் அந்த “ம்”மைக் கேட்டு நடுங்கியிருக்க வேண்டும்.

இறுதி ஆட்டம் லிஃப்டு அணிக்கும் ஆஸ்பத்திரி அணிக்கும். ஆளுக்கு ஒரு சுற்று ஜெயித்தாகிவிட்டது. கடைசிச் சுற்று தொடங்கியதும் ஆஸ்பத்திரியின் பீரங்கிக்காரர் ஒரு பெட்டி மேல் ஏறித் தொப்பென்று குதித்தார். நொண்டிக்கொண்டே போய் ஸ்ட்ரெச்சரில் ஏறி, தலையணையெல்லாம் சரிசெய்த மாதிரி வாகாகப் படுத்துக்கொண்டார். லிஃப்டின் மனைவி வார்டில் தள்ளுகிற நிதானத்தோடு தள்ள ஆரம்பித்தார்.

மச்சினன் சுட்டான். தோட்டா தீர்ந்ததுதான் மிச்சம். ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு, அக்கா அநியாயம் பண்ணுகிறாள், ஆட்டத்தை நிறுத்துங்கள் என்று குதித்தான். நடுவராக இருந்த கணக்கு டீச்சர் ஆட்டத்தை நிறுத்தினார். மாமா, தடை போடுங்க என்று மச்சினன் லிஃப்டின் தோளைப் பிடித்து உலுக்கினான். தடை விழுந்தால் ஸ்ட்ரெச்சர் போய்விடும். அதை நம்பி மொத்தமாக முன்னால் வந்துவிட்ட ஆஸ்பத்திரி அணியை இரண்டே நிமிஷத்தில் முடித்துவிடலாம்.

டீச்சர் விதித்தாளைப் பிரித்து நிதானமாகப் படித்தார். அப்புறம் கேட்டார்.

“இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, சார்?”

தெரியாது என்று நாலு எழுத்துச் சொன்னால் போதும், கப்பு கையில். லிஃப்டு எதிர் வரிசையைப் பார்த்தார். மனைவி ஒரு காதிலிருந்து ஹெட்போனை நகர்த்திவிட்டுக் காத்திருந்தார். முகத்தில் ஒன்றுமில்லை. தான் பொய் சொன்னாலும் இவள் நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு நாளும் காட்டிக்கொடுத்தவள் இல்லை. அதுதான் இடித்தது. காட்டிக்கொடுக்கிற மனைவியாக இருந்திருந்தால் கொஞ்சம் வாதாடியாவது பார்த்திருப்பார்.

“தெரியும். மூணு வாரமா தெரியும்.”

மச்சினன் வாயைத் திறந்தவன் மூட மறந்துவிட்டான். அப்படின்னா ஆட்டம் தொடரட்டும் என்றார் டீச்சர். ஸ்ட்ரெச்சர் வந்தது. நாற்பது விநாடியில் லிஃப்டு அணி சுத்தமாகத் துடைக்கப்பட்டது. கடைசியாக விழுந்தவர் லிஃப்டு. அப்போதும் ஜன்னலைத்தான் சுட்டுக்கொண்டிருந்தார். அவர் அணியில் யாரும் அவரோடு பேசவில்லை. மச்சினன் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிப் போய்விட்டான்.

கீழே மனைவி ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். இந்த முகத்தை வைத்துக்கொண்டு நீங்கள் ஓட்ட வேண்டாம் என்றார். லிஃப்டு பின்னால் ஏறி உட்கார்ந்ததும் கப்பை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

“மேடு பள்ளமா இருக்கும். கெட்டியாப் பிடிச்சுக்குங்க.”

பதினோரு வருஷமாக ஆசைப்பட்டது. லிஃப்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.