மாமாவுக்கு வழி விடுங்க

கண்டக்டரம்மாவுக்கு மெதுவாகப் பேச வராது. பாதி ஆயுளாகப் பேருந்தின் பின்படியில் நின்று டிரைவருக்குக் கேட்கிற மாதிரி கத்திப் பழகிய தொண்டை. மூக்குக் கண்ணாடிக் கடைக்குக் கண் பரிசோதனைக்குப் போனபோது பலகையிலிருந்த எழுத்துகளை அவர் வாசித்த வாசிப்பில், பக்கத்துச் சலூனில் உட்கார்ந்திருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பி, காதோரம் கொஞ்சம் கூடுதலாகவே முடியை இழந்தார் என்று கேள்வி.

அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் நேரெதிர். அவர் பேசினால் எதிரில் இருப்பவர் குனிந்து கேட்க வேண்டும். மனைவி தவறிய பிறகு கடையே கதியென்று கிடந்த மனிதர். கண்டக்டரம்மாவின் புதுக் கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும், "ஃபிரேம் லூஸ் ஆயிருக்கும், ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அந்தம்மாவே கேட்டுவிட்டார். "ஃபிரேம் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு என்ன வேணும், அதைச் சொல்லுங்க."

துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தபடி அவர் சொன்னார்: ஆற்றோரத்து உணவகத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் திறந்தவெளியில் படம் போடுகிறார்கள், வருவீர்களா?

வீட்டில் தங்கச்சிக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிற அக்கா, ஒரு ஆளோடு படத்துக்குப் போவதா?

"நானும் வரேன்க்கா. தனி மேஜைதான். உங்க பக்கம் திரும்பக்கூட மாட்டேன்."

"நீ திரும்பாம இருப்பே. நம்பிட்டேன்."

உணவகத்தில் கண்டக்டரம்மா முடிந்தவரை குரலை அடக்கினார். அப்படியும் "சூப் ஆறிப்போச்சு" என்று கடைக்காரரிடம் சொன்னது சமையலறைக்கே எட்டி, சுடச்சுட வேறு சூப் வந்தது. கடைக்காரர் அசந்துபோனார். "நான் கையைத் தூக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தாக்கூட யாரும் வர மாட்டாங்க" என்றார்.

திரையில் கதாநாயகி கப்பல் ஏறும் நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் தட்டும் கையுமாக உள்கூடத்துக்கு ஓடி, வாசலிலேயே அடைத்துக்கொண்டு நின்றார்கள். முதலாளி கையைப் பிசைந்தார். கண்டக்டரம்மாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"வாசல்ல நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள இடம் இருக்கு. தட்டு வெச்சிருக்கவங்க சுவரோரம். கைக்குழந்தைக்காரங்க உட்காருங்க. சார், தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க, அது விழாது, நகருங்க."

மொத்தக் கூட்டமும் உள்ளே அடங்கியது. முதலாளி புரொஜக்டரை உள்ளே கொண்டுவந்து வைக்க, எதிர்ச் சுவரில் படம் மறுபடி ஓட ஆரம்பித்தது. வாசலில் நின்று திருப்தியோடு மூச்சு விட்ட பிறகுதான், கூட வந்தவரைக் காணோம் என்று அந்தம்மாவுக்கு உறைத்தது.

அவர் கூடத்தின் மறுகோடியில், குளிர்பானப் பெட்டிக்கும் தங்கச்சிக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தார். நகருங்க நகருங்க என்றதில் அவரும் ஒழுங்காக நகர்ந்திருந்தார். கிடைத்த வாய்ப்பை விடாமல், குறட்டை விடுவாரா, சர்க்கரை உண்டா என்பதையெல்லாம் தங்கச்சி விசாரித்து முடித்திருந்தாள்.

அவர் கையைத் தூக்கி ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. தங்கச்சி பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். குரல் அந்தக் குடும்பத்துச் சொத்து.

"அக்கா, மாமாவுக்கு உன் பக்கத்துல வரணுமாம்."

கூடம் ஒரு நொடி படத்தை மறந்தது. பிறகு யாரோ, "மாமாவுக்கு வழி விடுங்கப்பா" என்றார். சிரிப்பும் தள்ளலுமாக ஒவ்வொருவரும் அவரை அடுத்தவரிடம் ஒப்படைக்க, ஆவி படிந்த கண்ணாடியோடு வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

கண்டக்டரம்மா சுவரையே பார்த்தார். "அவ ஒரு லூசு. சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க."

அது அவ்வளவு மெல்லிய குரலில் வந்தது. கடைக்காரர் குனிந்தார். "என்ன சொன்னீங்க?"

"கேக்கலைன்னா விடுங்க."

"மாமான்னு சொன்னது மட்டும் நல்லாக் கேட்டுச்சு" என்றார் அவர்.

மறுவருஷம் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட தங்கச்சி மற்றவர்களை இடித்துக்கொண்டு முன்னால் நின்றாள். இப்போது அக்காவும் மாமாவும் கடைக்குப் பின்னாலிருக்கிற வீட்டில்தான் இருக்கிறார்கள். முதல் பேருந்துக்கு அந்தம்மாவை எழுப்புவது கடைக்காரரின் வேலை. கூப்பிட்டுப் பலனில்லை என்று தெரிந்ததால், தேநீர்க் கோப்பையைக் காதருகே வைத்துக் கரண்டியால் கலக்குகிறார்.