வேப்பிலை கட்டிய ஆறு நாள்

பங்குனி வெயில் கொளுத்தும்போதும் எங்கள் வீட்டில் உச்சிவேளையில் அடுப்பு எரிந்தது. அப்பா இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். எந்த நேரம் போனாலும் அந்த வீட்டில் சுடுசோறு கிடைக்கும் என்று நாலு பேர் பேசினால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். சோற்றை ஆக்கியவளைப் பற்றி அந்த நாலு பேரும் ஏதாவது பேசியதாக எனக்கு ஞாபகமில்லை.

கண்டி என்றாலே குளிர் என்று நினைப்பவர்கள் பங்குனியில் கட்டுகஸ்தோட்டைக்கு வந்து பார்க்கவேண்டும். மகாவலி ஒடுங்கிப் பாறைகள் முதுகைக் காட்டும். பாலத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட வீடு எங்களுடையது. குசினிக்கு ஒரே ஒரு ஜன்னல். அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்தது.

அப்பாவுக்குக் கண்டி டவுனில் பலசரக்குக் கடை. தெல்தோட்டைத் தோட்டங்களில் இருந்த சொந்தக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள், கல்யாணச் சேலை எடுக்க வருவார்கள், ஒரு வேலையும் இல்லாவிட்டால் படம் பார்க்க வருவார்கள். வந்தவர்கள் கடையில் தலையைக் காட்டுவார்கள். அப்பா உடனே அவர்களை பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்புவார். பதினொரு மணிக்கு நாலு பேர், ஒரு மணிக்கு மூன்று பேர் என்று வந்து இறங்குவார்கள். எல்லாருக்கும் சோறு, பருப்பு, இரண்டு கறி, பொரித்த கருவாடு, அப்பளம். எல்லாரும் கைகழுவிய பிறகு அம்மா குசினியில் நின்றுகொண்டே பானையை வழித்துத் தின்பாள். அப்போது மூன்றரை மணி ஆகியிருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருசம் வெயில் வழக்கத்தைவிட அதிகம். பகலில் மட்டும் அடுப்பு வேண்டாம், காலையிலேயே எதையாவது செய்து ஆறவைத்துவிடுகிறேன் என்று அம்மா ஒரு நாள் அப்பாவிடம் கேட்டாள். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வீடு தேடி வந்தவனுக்குப் பழைய சோற்றை ஊற்றினால் தன் மானம் என்னாவது என்று கத்தினார். நானும் அப்பா பக்கம்தான். கருவாடு இல்லாத சோறு எனக்கு இறங்காது.

அம்மா விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு, அப்பா டவுனில் நடந்த கோயில் கமிட்டிக் கூட்டத்துக்குப் போயிருந்தார், யாரும் வரப்போவதில்லை. முதல்நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள். அதில் சட்டியிலிருந்து எருமைத் தயிரை அள்ளிப் போட்டுக் கரைத்தாள். சின்ன வெங்காயம், வெள்ளரிக்காய்த் துண்டு. வல்லாரையை நறுக்கித் துருவிய தேங்காய்ப்பூவும் பிழிந்த தேசிக்காய்ப் புளியும் போட்டுப் பிசைந்து பச்சைச் சம்பல். பிறகு ஊறவைத்த அவலும் கருப்பட்டியும். பாயை விரித்து எங்களோடு உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, பன்னிரண்டரை மணிக்குச் சாப்பிட்டாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வயதுத் தம்பி சட்டையில்லாமல் உருண்டுகொண்டிருந்தான். அவன் முதுகெல்லாம் சிவப்புச் சிவப்பாக வேர்க்குரு.

அந்த நேரம் பார்த்து அத்தை வந்தார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, இரண்டு தெரு தள்ளி இருந்தவர். நாளுக்கொரு முறை எங்கள் குசினியை நோட்டம் விடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். பாயில் இருந்ததைப் பார்த்தார், தம்பியின் முதுகைப் பார்த்தார். வைத்த காலைப் பின்னால் எடுத்துவிட்டார்.

“என்ன புள்ள, தாளிச்ச வாசமே இல்ல? பயலுக்கு அம்மை போட்டிருக்கா?”

அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது, ஆறிய சாப்பாடுதான். அத்தை போட்ட கணக்கு அதுதான். அம்மா திரும்பித் தம்பியின் முதுகைப் பார்த்தாள். கையில் பிசைந்த அவல் அப்படியே இருந்தது.

“ஆமா மதினி. காலயிலேருந்து.”

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா என்னைக் கோயிலுக்கு அனுப்பி வேப்பிலை ஒடித்து வரச் சொன்னாள். நான்தான் கதிரையில் ஏறி நின்று வாசலில் அதைக் கட்டினேன். ஏதோ விளையாட்டுப் போல இருந்தது. சாயந்தரம் அப்பா வழியிலேயே விஷயம் கேள்விப்பட்டு வந்தார். வேலிப் படலைக்கு வெளியே நின்று கையெடுத்துக் கும்பிட்டார். அம்மை கண்ட வீட்டிலிருந்து போனால் கடைக்கு ஆள் வராது, அதனால் கடையிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றார். பெற்ற பிள்ளையின் முதுகை ஒரு தரம் கிட்ட வந்து பார்த்திருந்தால் அன்றைக்கே பொய் உடைந்திருக்கும். அவர் பார்க்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் பள்ளிக்கூட வாசலிலேயே டீச்சர் என்னைத் தடுத்தார். வீட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடியும்வரை வரக்கூடாது என்றார். அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூடத்து இல்லங்களுக்கிடையே விளையாட்டுப் போட்டி. சிவப்பு இல்லத்து அஞ்சலோட்டத்தில் மூன்றாவது ஆளாக ஓட ஒரு மாதமாக நான் பழகியிருந்தேன். அப்போதுதான் விஷயம் எனக்கு உறைத்தது. அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி, டீச்சரிடம் வந்து உண்மையைச் சொல்லும்படி அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

“பத்து நாளு பொறுத்துக்க. பத்தே பத்து நாளு. அடுத்த வருசம் ஓடு,” என்றாள்.

நான் அவளைப் பொய்க்காரி என்று சொன்னேன். அவள் அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அந்த நாட்களில் வீட்டுக்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அம்மா விடியுமுன் ஒரு தடவை அடுப்பு மூட்டிக் குரக்கன் மாவில் கேழ்வரகுக் கூழோ கஞ்சியோ காய்ச்சி இறக்குவாள். அதோடு சரி. பகலில் மோர் கரைத்த கூழ், வெங்காயம், சில நாள் தெம்பிலி இளநீர். தம்பியைக் கிணற்றடியில் காலையும் மாலையும் குளிப்பாட்டினாள். பிறகு ஜன்னலோரம் வெறும் தரையில் படுத்து ரேடியோ கேட்டபடி தூங்கினாள். வாய் திறந்திருந்தது. அவள் பகலில் தூங்கி நான் அதுவரை பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் பொங்கியது. என் ஓட்டத்தைப் பறித்துக்கொண்டு இவளுக்குத் தூக்கம் வேறு கேட்கிறதா என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் தூங்கும்போது தம்பியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். பஸ் ஏறி நேரே கடைக்குப் போனேன். எங்களைக் கண்டதும் சாமான் வாங்க நின்றவர்கள் ஒதுங்கினார்கள். அப்பா தராசை விட்டுவிட்டுப் பதறி எழும்பினார். நான் தம்பியின் சட்டையைத் தூக்கிப் பிடித்தேன்.

“அம்மை இல்லப்பா. வேர்க்குரு. பாருங்க.”

வேர்க்குருவும் அநேகமாக மறைந்துவிட்டிருந்தது. அப்பா குழம்பிப்போய் நின்றார். யாரும் கேட்காமலே தம்பி, “அம்மா என்னய தெனமும் ரெண்டு வாட்டி குளிக்க வாக்குது,” என்றான். அம்மை கண்ட பிள்ளைக்கு எவளாவது தண்ணீர் ஊற்றுவாளா? கடையில் நின்ற எல்லாருக்கும் அது போதுமாக இருந்தது.

அப்பா கோபப்பட்டிருக்கலாம். அவர் சிரித்தார். கடையில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். சோறாக்கச் சோம்பல்பட்டு மாரியம்மனையே வீட்டுக்குக் கூப்பிட்ட பொம்பிளை என்ற கதை அங்கேதான் பிறந்தது. பிறகு எத்தனை கல்யாண வீடுகளில் அதைச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தரமும் அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கூடச் சிரிப்பாள். என் அம்மா சிரித்த சிரிப்புகளில் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான்.

அன்றைக்கு எங்களை வீட்டுக்குக் கூட்டிவரும் வழியில் டீச்சர் வீட்டில் அப்பா பேசினார். ஓட விடுகிறேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அப்பா வேப்பிலையைப் பிய்த்து எறிந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு ஐந்து பேர் வருகிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா விறகு எடுத்துவந்து அடுப்பை மூட்டினாள். நான் அடி வாங்கத் தயாராகக் குசினி வாசலில் நின்றேன்.

“டீச்சர் ஓட வுடுறேன்னாங்களா?”

தலையாட்டினேன்.

“சரி போ. இங்க நிக்காத, புகையா இருக்கு.”

சனிக்கிழமை நான் ஓடினேன். சிவப்பு இல்லம் மூன்றாவதாக வந்தது. ஓடியது மூன்று இல்லங்கள்.

ஆனால் அத்தை அதோடு விடவில்லை. அம்மன் பெயரில் பொய் சொன்னது தெய்வக் குற்றம், கோயிலில் கூழ் காய்ச்சி ஊற்றித்தான் அதைத் தீர்க்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். சித்திரை மாதத்து முதல் வெள்ளியன்று கோயிலுக்குப் பின்னால் வெட்டவெளியில் மூன்று கல் கூட்டி அண்டா ஏற்றினார்கள். விடியற்காலையிலிருந்து அம்மா தனியாளாக நின்று துடுப்புப் போட்டுக் கிண்டினாள். வெயில் ஏற ஏற அவள் முகம் கருத்துக்கொண்டே போனது.

மத்தியானம் கூழ் ஆறியதும் மோர் கலந்து ஊற்றினாள். தெல்தோட்டைச் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பழைய சோறு போட்டால் மானம் போய்விடும் என்ற அப்பா, மர நிழலில் நின்று பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு இரண்டு செம்பு குடித்தார். இந்த வெயிலுக்கு இதுதான் சாப்பாடு என்று எல்லாரிடமும் சொன்னார். அத்தை தூக்குச்சட்டியில் வீட்டுக்கும் வாங்கிக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தாய் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட அம்மாவைக் கேட்கவில்லை. அவள் பத்து நாள் கேட்டதும், ஆறு நாள் கிடைத்ததும், மிச்சத்தை நான் பிடுங்கிக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்ததும் பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை.

வரிசையில் என் முறை வந்தது. அம்மா நிமிராமல் இரண்டு அகப்பை ஊற்றினாள். அங்கேயே நின்று ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உப்புக் குறைவு என்று சொன்னேன்.