பனி அள்ளிய வீட்டுக்கு ஒரு ஞாயிறு

யாராவது ஏதாவது கொடுத்துவிட்டால் மினேகோவுக்கு அன்று தூக்கம் வராது. எதிர்வீட்டிலிருந்து நாலு கத்தரிக்காய் வந்தால், மறுநாள் விடிந்ததும் இவள் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் முள்ளங்கி ஊறுகாய் போகும். ஊறுகாய் வாங்கியவர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? அவர்களும் அதே தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள்தானே. ஆப்பிள் வரும். ஆப்பிளுக்கு அரிசி அப்பளம் போகும். கணவர் ஷிகெயோ இறந்தபோதுகூட, அழுகையைத் தள்ளிவைத்துவிட்டு, துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் தேயிலை டப்பா அனுப்பி முடித்த பிறகுதான் உட்கார்ந்து அழுதாள்.

ஜப்பானில் யாமகாத்தா மலையோரத்தில் இருந்த இந்தத் தெருவுக்குத்தான் ஆண்டவர், யோசிக்காமல், ஒஸ்காரியை அனுப்பிவைத்தார்.

பின்லாந்துக்காரன். மீசை சரியாக முளைக்காத வயது. ஜப்பானிய மொழியைப் புத்தகத்தில் படித்தவன் என்பதால் தெருவில் யாரையும் விட மரியாதையாகப் பேசுவான். மூடிக் கிடந்த சலூனை வாடகைக்குப் பிடித்து, வாசலில் ஒரு சிலுவையை மாட்டினான். உள்ளே இருந்த நீளக் கண்ணாடிகளைக் கழற்ற வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வராத கூட்டம் இரண்டு மடங்காகத் தெரியும். காலி நாற்காலிகளுக்கும் கண்ணாடியில் இருந்த காலி நாற்காலிகளுக்கும் சேர்த்து அவன் பிரசங்கம் செய்வான்.

வாரநாட்களில் வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் கொடுத்தான். எல்லோரும் குனிந்து வணங்கி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். மினேகோ அன்று சாயங்காலமே வெள்ளரிக்காய் கொண்டுபோய்க் கொடுத்தாள். பக்கத்து வீட்டிலிருந்து தக்காளி போயிற்று. அதைப் பார்த்த ஒஸ்காரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. சுவிசேஷத்துக்கு இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைக்கும் என்று அவன் படித்த வேதாகமக் கல்லூரியில்கூடச் சொல்லித் தரவில்லை. மறு வாரம் இன்னும் நிறையப் பிரசுரம் கொடுத்தான். கோடை முழுக்க வெள்ளரிக்காய் தின்றான். நாற்காலிகள் மட்டும் காலியாகவே இருந்தன.

கண்ணாடி பாட்டிலையும் பழைய துணியையும் பிரிக்காமல் அவன் ஒரே குப்பைப் பையில் கட்டி எறிய, தெருச் சங்கத் தலைவர் ஹொன்மா அந்தப் பையை அவன் வாசலிலேயே திருப்பிக்கொண்டு வந்து வைத்ததுதான் இலையுதிர் காலம் வரை அவனைத் தேடி ஒருவர் வந்த ஒரே சந்தர்ப்பம். ஹொன்மா மண்ணெண்ணெய்க் கடைக்காரர். கோயில் திருவிழாவுக்கு வசூல் செய்வதும் அவர்தான். எந்தச் சாமிக்கும் அவர் விரோதி அல்ல. குளிர் காலத்தில் எல்லாச் சாமிக்கும் மண்ணெண்ணெய் வேண்டியிருக்கிறது.

டிசம்பரில் பனி கொட்டியது. அந்த ஊர்ப் பனி ஆளை முழுங்கும். காலையில் கதவைத் தள்ளினால் திறக்காது. நகராட்சி வண்டி நடுத்தெருவை மட்டும் ஒதுக்கிவிட்டு, அந்தப் பனியை அவரவர் வாசலிலேயே மதில் மாதிரி குவித்துவிட்டுப் போகும். தெருவில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு இடுப்பு வலி, மீதிப் பேருக்கு முழங்கால் வலி. ஒஸ்காரிக்கோ பனி என்றால் பிறந்த வீடு. விடிவதற்கு முன்பே அகன்ற மண்வாரியோடு இறங்கி, தன் வாசலை முடித்து, மினேகோ வாசலையும் அள்ளி, அப்படியே தெருக்கோடி வரை போய்விட்டு வந்தான்.

மினேகோ எழுந்து பார்த்தாள். வாசல் பளிச்சென்று இருந்தது. உடனே ஊறுகாய்க் கிண்ணத்தோடு ஓடினாள்.

ஒஸ்காரியின் அலமாரியில் ஊறுகாய் வைக்க இடமில்லை. சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஐயோ, ஒண்ணும் வேணாம் மினேகோ அம்மா. ஞாயித்துக்கிழமை ஒரு நாள் வந்தீங்கன்னா அதுவே போதும்."

இன்னதுதான் பதில் மரியாதை என்று வாயைத் திறந்து சொன்ன முதல் மனிதனை அன்றுதான் அந்தத் தெரு பார்த்தது. மினேகோவுக்கு அப்படியொரு நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை போனாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், அடுப்பு நன்றாக எரிகிறது, நடுவில் பாட்டும் உண்டு என்று திரும்பி வந்து எல்லோரிடமும் சொன்னாள். வாசல் அள்ளப்பட்ட வீட்டுக்காரர்கள் எல்லோரும் அடுத்த வாரம் வரிசையாக வந்தார்கள். பனி அதிகம் விழுந்த வாரம் வீட்டுக்கு இரண்டு பேர். கூரைப் பனியைத் தள்ளிக் கொடுத்தால் குடும்பத்தோடு. ஹொன்மா முன்வரிசையில் உட்கார்ந்து, ஆமென் வரும்வரை நன்றாகத் தூங்கினார். அந்த அடுப்புக்கு மண்ணெண்ணெய் அவர் கடையில் இருந்துதான்.

கண்ணாடியில் தெரிந்த கூட்டத்தோடு சேர்த்து ஒஸ்காரி ஒரு படம் எடுத்துத் தோக்கியோவில் இருந்த மிஷன் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினான். வசந்தத்தில் அந்த ஊழியத்தை மூடிவிட்டு அவனைத் திருப்பி அழைப்பதாக இருந்தவர்கள் படத்தைப் பார்த்து மனம் மாறினார்கள். ஈஸ்டருக்குள் ஒருவராவது ஞானஸ்நானம் பெற்றால் தொடரலாம், இல்லாவிட்டால் மூட்டை கட்டலாம் என்று சொன்னார்கள்.

ஒஸ்காரி மினேகோவிடம்தான் வந்தான். அவள்தான் ஒரு ஞாயிறும் தவறாதவள். அவள் வீட்டு வாசல்தான் முதலில் அள்ளப்படும் என்பதுதான் காரணம் என்று அவனுக்குத் தெரியாது. ஞானஸ்நானம் பற்றி விளக்கினான். கடைசியில், பார்வையைக் கீழே போட்டுக்கொண்டு, வீட்டில் இருக்கும் புத்த மாடத்தை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றான்.

மாடத்தில் ஷிகெயோவின் படம் இருந்தது. வடித்த சோற்றில் முதல் கிண்ணம் அவருக்குத்தான். அதை வைத்துவிட்டு, தெருவில் யார் வழுக்கி விழுந்தார், யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்று எல்லாவற்றையும் சொல்லுவாள். உயிரோடு இருந்தபோது இவ்வளவு பொறுமையாகக் கேட்டவரில்லை.

முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனான்.

அன்று மாடத்தின் முன்னால் உட்கார்ந்து யோசித்தாள். பனிக்கு ஞாயிற்றுக்கிழமை சரி. ஞானஸ்நானத்துக்கு எவ்வளவு பனி? அவன் தினமும் அள்ளிக்கொண்டே இருந்தால் அவள் தினமும் வாங்கியவளாகவே இருப்பாள். வாங்கியவள் எந்த வாயால் மறுப்பது? வாங்கிய கடனின் பாரம் அவன் பக்கம் சாய வேண்டும். அதற்கு ஒரே வழிதான் இருந்தது.

மறுநாள் அவன் எழும்புவதற்கு முன்பே எழுந்து, இடுப்பில் சூட்டுப் பட்டையை ஒட்டிக்கொண்டு, சலூன் வாசல் பனியை அள்ளிப் போட்டாள். பிறகு தன் வாசலையும் முடித்தாள். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரிக்குப் பதற்றம் வந்துவிட்டது. மினேகோ முந்திவிட்டாளே என்று அவளும் இறங்கினாள். விஷயம் ஹொன்மா காதுக்குப் போனதும் அவர் பனித்தள்ளு இயந்திரத்தையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த வாரம் முழுக்க சர்ச் வாசலிலும் மற்ற வாசல்களிலும் பனி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒஸ்காரி மண்வாரியைப் பிடித்துக்கொண்டு, அள்ள ஒன்றும் கிடைக்காமல், தெருவின் அன்பை நினைத்துக் கண் கலங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை ஒருவர்கூட வரவில்லை.

அன்று மத்தியானம் அவன் மினேகோவின் சமையலறைக் கதவைத் தட்டினான்.

"நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா அம்மா?"

"இல்லையே."

"யாருமே வரலையே இன்னைக்கு."

"நீங்க யார் வாசலையாவது அள்ளினீங்களா?"

"இல்ல. எல்லாரும் எனக்கு முன்னாடியே அள்ளிட்டாங்க."

"அப்புறம் எதுக்குத் தம்பி வருவாங்க?"

"அப்போ இத்தனை நாளும் பனிக்காகத்தான் வந்தீங்களா?"

"நீங்கதானே கேட்டீங்க, ஞாயித்துக்கிழமை வந்தாப் போதும்னு. வேற ஆளா இருந்தா என்னத்தைத் திருப்பிக் கொடுக்கிறதுன்னு நாங்க மண்டையை உடைச்சுக்கணும். நீங்க வாய்விட்டுச் சொல்லிட்டீங்க. தெருவுக்கே நிம்மதியா இருந்துச்சு." கையைத் துடைத்துக்கொண்டாள். இப்போது பாரம் அவன் பக்கம் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னாள். "அந்த ஞானஸ்நானம் எனக்கு வேணாம் பாஸ்டர் தம்பி. எங்க வீட்டுக்காரரை அட்டைப்பெட்டியில வெச்சு மூட என்னால முடியாது."

ஒஸ்காரி தலையை ஆட்டினான். போகும்போது வழக்கத்தைவிடக் குனிந்து வணங்கினான்.

தோக்கியோவுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தான். ஆனால் அந்தப் பனிக்குப் போக வேறு யாரும் முன்வராததால், மூடுவதா வேண்டாமா என்ற முடிவை அவர்கள் தள்ளிப்போட்டார்கள். தேவசித்தம் சில சமயம் ஆள் பற்றாக்குறை வழியாகவும் வெளிப்படும்.

மே மாதத்தில், பனி உருகி வயலில் நாற்று நடும் காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சலூன் கதவு திறந்தது. மினேகோ நின்றாள்.

"என்ன விஷயம் அம்மா?" என்று பயந்துபோய்க் கேட்டான். யாருக்கும் அவன் எதுவும் செய்திருக்கவில்லை.

"ஒண்ணுமில்ல. வீட்ல ஒரே அமைதியா இருந்துச்சு. பாட்டு இருக்கா?"

இப்போது மினேகோ பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறாள். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, சுருதி சேராமல், சத்தமாகப் பாடுகிறாள். வேறு இரண்டு பெண்களும் அவ்வப்போது வருகிறார்கள். ஹொன்மா மண்ணெண்ணெய் கொடுக்க மட்டும் வருகிறார். மாடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. யாரும் ஞானஸ்நானம் பெறவில்லை. தோக்கியோவிலிருந்து ஒவ்வொரு ஈஸ்டருக்கும் கேட்கிறார்கள். விஷயம் பரிசீலனையில் இருக்கிறது என்று ஒஸ்காரி மிக மரியாதையாகப் பதில் சொல்கிறான்.