முக்கால் வாளி வில்

எனக்குக் கலியாணமான புதிதில், எண்பதுகளின் நடுவில், எங்கள் ஊரில் முந்திரிகை என்று சொல்லும் திராட்சைத் தோட்டங்களில் கிளி கலைக்க வெடி கொளுத்துவதை நிறுத்தியிருந்தார்கள். சண்டைக்காலம்; ஒரு வெடி கேட்டால் அயலெல்லாம் பதுங்கு குழிக்குள் பாய்ந்துவிடும். தகரம் தட்டினால் கிளிகள் இரண்டு நாளில் பழகிக்கொண்டன. அதனால் நான் ஓர் உண்டைவில் செய்தேன். அம்புக்குப் பதிலாக மண் உருண்டையை எறியும் வில் அது. நாண் இரட்டை, நடுவில் உருண்டை வைக்க ஒரு சின்னத் துணிப்பை.

பாக்குமரத்தைப் பிளந்தெடுத்த கமுகஞ் சிலாகையைச் சீவிச் செய்தது. பலம் பார்க்க, வில்லை மாட்டுக்கொட்டில் தடியில் கட்டி, நாணில் கிணற்று வாளியைக் கொழுவி, நாண் ஒரு முழம் இறங்கும்வரை தண்ணீர் ஊற்றுவேன். அந்த வில்லுக்கு வாளி நிறையத் தண்ணீர் வேண்டியிருந்தது. என் கைக்கு அது அளவு.

ஆனால் பகலில் தோட்டம் காத்தது என் மனைவி. நான் மற்றவர்களின் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்றேன். அவளுடைய சீதனக் காணியில் கலியாணத்துக்கு முன்பே நட்டிருந்த கொடிகளுக்கு அது முதல் காய்ப்பு. குலை பழுக்க இன்னும் பத்து நாள் இருந்தது. அதுவரை கிளி தொடாமல் காக்க வேண்டும்.

மூன்றாம் நாள் சோறு போடும்போது அவளுடைய இடது பெருவிரல் வீங்கிச் சிவந்திருந்ததைக் கண்டேன். வில் இறுக்கம், இழுக்க முடியாமல் அழுத்திப் பிடிக்கிறாள் என்று நானே முடிவுகட்டினேன். கேட்டிருக்கலாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவள் எட்டு வரை படித்தவள். கலியாணமான இந்த இரண்டு மாதத்தில் நான் அவளோடு கதைத்ததெல்லாம் சேர்த்தாலும் ஒரு கொப்பித் தாள் நிரம்பாது.

காலையில் அவள் பூப்பறிக்கப் போகும் நேரத்தில் உடைந்த கண்ணாடிப் போத்தல் ஓட்டால் வில்லின் உட்புறத்தைச் சுரண்டினேன். வெளிப்புறத்தைத் தொட்டால் நார் அறுந்து வில் முறிந்துவிடும். மேல் பாதியில் பத்துத் தரம் சுரண்டினால் கீழ்ப் பாதியிலும் பத்து. அவள் கிணற்றடியிலிருந்து தூக்கிவரும் வாளி முக்கால்வாசிதான் நிரம்பியிருக்கும். அவள் பலத்துக்கேற்ற அந்த அளவுக்கு வில்லைக் கொண்டுவர இரண்டு காலை போதுமாக இருந்தது.

மறுநாள் மனத்திருப்திக்குத் தொங்கவிட்டுப் பார்த்தால் அரை வாளிக்கே நாண் இறங்கியது. பனியில் ஊறியிருக்கும் என்று நினைத்தேன். அதற்கு அடுத்த நாள் கால் வாளி.

அன்று பின்னேரம் பக்கத்துத் தோட்டத்து அண்ணை வேலிக்கு மேலால் எட்டினார்.

"தம்பி, உன்ரை மனிசி எறியிற உண்டை கிளியிட்டைப் போக முன்னம் களைச்சு விழுகுது. அந்த வில்லாலை கிளிக்கு விசிறலாமடா."

பந்தலின் கிழக்கு மூலையில் நாலு குலைகள் கொத்துண்டு கிடந்தன.

அடுத்த நாள் மத்தியானமே வேலையிலிருந்து வந்துவிட்டேன். பந்தலுக்குக் கீழே அவள் வில்லை மடியில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, போத்தல் ஓட்டால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யிறீர்?"

"இஞ்சாருங்கோ, கோவிக்காதேங்கோ. ஒவ்வொரு உண்டையும் முதல் என்ரை விரலிலைதான் படுகுது. வில்லு மெதுவா எறிஞ்சா நோகாதெண்டு பாத்தன்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் ஆசையாச் செய்தது. என்னெண்டு சொல்லுறது?"

"நானும் சுரண்டினனான்," என்றேன்.

வில்லைத் திருப்பி இரண்டு பாதியையும் தடவிப் பார்த்தாள். பிறகு பெரிதாகச் சிரித்தாள்.

"அப்ப ரெண்டு பேருமாச் சேந்து வில்லைத் திண்டிட்டம். கிளி பரவாயில்லை!"

விரலில் படாமலிருக்க, உருண்டையை விடும் கணத்தில் வில் பிடித்த கையைச் சற்று வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். என் கை அதைத் தானாகச் செய்யும். அதைச் சொல்லித்தர வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை. செய்து காட்டினேன். மூன்றாவது எறிதலில் அவளுக்குப் பிடிபட்டது.

அன்றே புதுச் சிலாகை சீவினோம். இந்த முறை வாளியில் தண்ணீர் ஊற்றியது அவள். நான் சுரண்டச் சுரண்ட, வில்லை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"காணுமே? இவ்வளவு போதுமே?" என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம்... காணும், நிப்பாட்டுங்கோ."

வாளியில் தண்ணீர் முக்காலில் நின்றது. அவள் போத்தல் ஓட்டை என் கையிலிருந்து வாங்கினாள். "இனி இதைத் தொடுறதெண்டா என்னைக் கேட்டிட்டுத் தொடுங்கோ."

"நீரும்தான்," என்றேன்.

மறுநாள் வேலைக்குப் போகையில் பந்தல் கம்பியில் உருண்டை பட்டு 'டங்' என்றது. கிளிகள் கூட்டமாகப் பனைகளுக்குப் பறந்தன. நான் வேலியோர ஒழுங்கையில் நின்று, "விரல் நோகுதே?" என்று சத்தமாகக் கேட்டேன். அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். எனக்கு முகம் சுட்டது. என்றாலும் பதில் வரும்வரை நின்றேன்.