சகலையின் பேப்பர் துரை

போன ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளையில் சகலை வீட்டில் மதியச் சாப்பாடு. சகலை என்றால் என் மனைவியின் அக்கா கணவர் செபஸ்தியன். பேங்க்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். லீவு லெட்டரைத் தவிர வாழ்க்கையில் எதையும் எழுதியறியாதவர்.

வாரா வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டு பேப்பரில் பத்தி எழுதுகிறவன் நான். ஆனால் பத்திரிகை ஆசிரியர் கொள்ளுத்தாத்தா யாருக்கு வாய்த்தார்? அவருக்கு!

ஹாலில் புதுசாக ஒரு பெரிய போட்டோ. தாடி, கோட்டு, முறைத்த பார்வை. அயர்லாந்துக்காரர். காப்பி அழிந்து தேயிலை வந்த காலத்தில் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குச் சின்னத்துரையாக, அதாவது உதவி மேனேஜராக, வந்தவர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்களை விரட்டுகிற வேலை பிடிக்காமல் உதறிவிட்டு, பதுளையில் இங்கிலீஷ் வாரப் பத்திரிகை நடத்தினார். தோட்டத்து ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் பேப்பர் துரை.

சோறு பரிமாறும்போதே சகலை ஆரம்பித்துவிட்டார். பேப்பர் துரை தன் அயர்லாந்துக்குச் சுயாட்சி வேண்டும் என்று எழுதினாராம். துண்டுச் சீட்டு இல்லாமல் ஒரு தொழிலாளி தோட்டம் மாற முடியாது என்றிருந்ததே... அதைக் கிழி கிழியென்று கிழித்தாராம். துரைமார் கிளப்பில் உள்ளே விடவில்லையாம். வெள்ளைக்காரர்கள் ஓட்டுப் போடும் தொகுதியில் சட்டசபைக்கு நின்று, அமோகமாகத் தோற்றாராம்.

"மானநஷ்ட வழக்கு வேற போட்டாங்க சகலை, ரெண்டு தோட்டத்துக்காரங்க சேர்ந்து."

கையிலிருந்த அப்பளத்தை நொறுக்கினேன். இத்தனை வருஷமாக எழுதுகிறேன், ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்ததுண்டா? பசறை ரோட்டுக் குழியைப் பற்றி எழுதினேன். குழி அப்படியே இருக்கிறது. கான்ட்ராக்டர் வழியில் பார்த்து வணக்கம் சொல்கிறார்!

அதே காலத்தில் எங்கள் வீட்டுப் பெரியவர் என்ன செய்தார்? பெரட்டுக்குப் போனார். தேயிலை மலைக்குப் போனார். லயத்து அறைக்குத் திரும்பினார். முறைத்துப் பார்க்க ஒரு போட்டோகூட இல்லை.

"அப்படி எழுத ஒரு தைரியம் வேணுங்க" என்றாள் என் மனைவி, ரசத்தை ஊற்றிக்கொண்டே. யாரைப் பார்த்துச் சொன்னாள் என்பதைச் சொல்ல விரும்பவில்லை.

பொறாமைதான். வேறு நல்ல வார்த்தை இருந்தால் போட்டிருக்க மாட்டேனா?

கை கழுவிய பிறகு சகலை என்னைத் தனியாக வாசலுக்கு அழைத்துப் போனார்.

"அடுத்த மாசம் அயர்லாந்துல இருந்து சொந்தக்காரங்க வர்றாங்க. பதுளையில அவரு கல்லறைக்குப் புதுக் கல்லு வைக்கப் போறாங்க. நீங்க உங்க பத்தியில எழுதணும்."

வந்ததே வினை! இவருடைய பெருமையை நான் என் இடத்தில் வேறு பாட வேண்டுமா? மழுப்பலாக, "கல்லுல யார் யார் பேர் வருது?" என்று கேட்டு வைத்தேன்.

"அவரு பேரு. அங்க கட்டின பொஞ்சாதி பேரு. அந்தப் பிள்ளைங்க பேரு."

"இங்க உள்ள உங்க கொள்ளுப்பாட்டி?"

"அவங்க பேரு வேணாமாம். கேட்டுப் பார்த்துட்டேன்."

வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்தார். பிறகு சொன்னார். "கொழும்புக்குப் போயி பழைய பேப்பரெல்லாம் பார்த்தேன் சகலை. ஊரு உலகத்துக்கெல்லாம் எழுதியிருக்காரு. கொழுந்து எடுத்தவங்க அவங்க. கடைசி வரைக்கும் சோறு பொங்கிப் போட்டது அவங்கதான். அவங்களைப் பத்தி ஒரு வரி எழுதல. எங்க தாத்தா பொறந்ததையும் எழுதல."

முதலில் எனக்கு வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். மாட்டினாரே பேப்பர் துரை! எவ்வளவு அற்பம் பாருங்கள்.

நிமிர்ந்து பார்த்தால் சகலை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். லெட்ஜர் தவிர வேறு எதற்கும் கலங்காத மனுஷன். என் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

"அவரைப் பத்தி எழுத நெறயப் பேரு இருக்காங்க. நீங்க இவங்களைப் பத்தி எழுதுங்க. கல்லுல இல்லாட்டிப் போகுது... பேப்பர்லயாவது பேரு வரட்டும்."

"பேர் என்ன சகலை?"

சொன்னார். அந்தப் பாட்டியின் மடியில் வளர்ந்த அவருடைய அம்மா சொல்லித் தெரிந்ததாம்.

அந்தக் கொள்ளுப்பாட்டியின் பெயர் சவரியாயி. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். பதுளைப் பத்திரிகை ஆசிரியர் ஒருவரோடு வாழ்ந்து, அவருக்கு ஒரு மகனைப் பெற்றவர்.

பேப்பர் துரை தன் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு போடாமல் விட்ட செய்தி இது. முதலில் போட்டது நான்!